மச்சான் கேட்ட போர்ட்டிகோவும் எட்டு லட்சம் ஆப் கடனும்

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் மாமனார் கொடுத்த 8 சென்டில் வீடு கட்டுகிறேன். 1,400 சதுர அடி, சதுர அடிக்கு 2,150 ரூபாய் என்று கான்ட்ராக்டரிடம் பேசினோம். என் சேமிப்பு 8 லட்சம், வங்கிக் கடன் 25 லட்சம் (20 வருடம், 8.5 சதவீதம்). உள்பூச்சு முடிந்திருக்கிறது, அதற்குள் 31 லட்சம் போய்விட்டது. மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் இரண்டுக்கும் 2.5 லட்சம் சேர்த்து இன்னும் 10 லட்சம் வேண்டுமாம். நடுவில் சில மாற்றங்கள் செய்தோம். மச்சான் துபாயிலிருந்து வீடியோவில் பார்த்துச் சொன்னதால் போர்ட்டிகோவைப் பெரிதாக்கினோம் (2.4 லட்சம்), சரிவுக் கூரை போட்டு ஓடு பதித்தோம் (3.2 லட்சம்). மாமனார் சொன்னதால் சமையலறையை இடம் மாற்றினோம் (1.3 லட்சம்), மாடிப்படியை உள்ளே கொண்டுவந்தோம் (1.6 லட்சம்). சிமென்ட், கம்பி விலை ஏறியதால்தான் இப்படி ஆகிவிட்டதா? ஒரு ஆப்பில் 15 சதவீத வட்டிக்கு 8 லட்சம் தனிநபர் கடன், ஐந்து வருடத்துக்கு, உடனே தருகிறார்கள். அதை எடுத்து ஆவணியில் பால்காய்ச்சு வைத்துவிடலாமா? கையில் வரும் சம்பளம் 58,000, வாடகை 7,000.

பதில்: அந்தக் கடனை எடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்லும் முன் சிமென்ட், கம்பி மேல் இருக்கும் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

1,400 சதுர அடிக்கு உத்தேசமாக 560 மூட்டை சிமென்ட் ஆகும். மூட்டைக்கு 40 ரூபாய் ஏறியிருந்தாலும் கூடுதல் செலவு 22,000 சொச்சம்தான். கம்பி ஐந்தரை டன் என்று வையுங்கள். கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் 28,000. இரண்டும் சேர்ந்தாலும் அரை லட்சம். நீங்களே எழுதியிருக்கும் நான்கு மாற்றங்களைக் கூட்டிப் பாருங்கள், 8.5 லட்சம் வருகிறது. முதலில் பேசியது 30 லட்சம், உங்களிடம் இருந்தது 33 லட்சம். மாற்றாமல் கட்டியிருந்தால் 3 லட்சம் கையில் மிஞ்சியிருக்கும்.

சதுர அடிக் கணக்கை மட்டும் பார்ப்பதால் வரும் ஏமாற்றம் இது. அதே 400 சதுர அடியை 20க்கு 20 என்று கட்டினால் சுற்றுச்சுவர் 80 அடி, 10க்கு 40 என்று கட்டினால் 100 அடி. அஸ்திவாரம், கட்டு, பூச்சு, பெயின்ட் எல்லாமே அந்த 20 அடிக்கும் சேர்த்து ஏறும். மூலை கூடக் கூட இதே கதைதான். சரிவுக் கூரை 30 டிகிரி சாய்ந்தால் கீழே இருக்கும் தரையைவிட 15 சதவீதம் அதிகப் பரப்பு. சாய்வில் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) அடிக்க நாளும் கூலியும் அதிகம், அதன் மேல் ஓடு வேறு. இதையெல்லாம் வரைபடத்தில் மாற்றினால் பேனா மைதான் செலவு. கட்டிய பிறகு மாற்றினால் கட்டியதற்கும், இடித்ததற்கும், மறுபடி கட்டியதற்கும் என்று மூன்று முறை காசு போகும். உங்கள் சமையலறைக்கு அதுதான் நடந்தது.

ஆக, உங்களைக் கஷ்டப்படுத்துவது விலைவாசி இல்லை. வேலை நடக்கும் இடத்தில் நின்றபடி, யார் எது சொன்னாலும் "சரி, செய்துடலாம்" என்று சொல்கிற பழக்கம். இடம் கொடுத்த மாமனார், பாசமான மச்சான், இருவருக்கும் மறுப்புச் சொல்வது கஷ்டம்தான், புரிகிறது. ஆனால் தவணை உங்கள் சம்பளத்தில்தான் பிடிக்கப்படும்.

அந்த 8 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 19,000. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 3.4 லட்சத்துக்கு மேல். வீட்டுக் கடனுக்கு 21,700. இரண்டும் சேர்ந்து 40,700, குடிபோகும் வரை வாடகை 7,000. மிஞ்சுவது 10,000 சொச்சம். அதில் அரிசி, பள்ளிக் கட்டணம், வண்டிக்கு பெட்ரோல், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் எப்படி நடக்கும்?

மாடுலர் கிச்சனையும் ஃபால்ஸ் சீலிங்கையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவற்றை வட்டியில்லாத தவணையில் செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், மொத்தமாகக் காசு கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள், வட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். சமையலறைக்கு ஒரு ஸ்லாப், கீழே அலமாரிக்கு இடம், அது போதும். பாக்கி 7.5 லட்சத்திலும் உள்கதவுகளுக்குத் தேக்கு வேண்டாம், விலை குறைந்த டைல்ஸ் போடலாம், வெளியே பிரைமரோடு நிறுத்தலாம். 5.5 லட்சத்துக்குள் குடிபோகிற நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் வெளிப்பூச்சைத் தள்ளிப்போடாதீர்கள். நம் ஊருக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பூசாத சுவர் நனைந்தால் முடித்த உள்பூச்சும் கெட்டுவிடும்.

கையில் 2 லட்சம் இருக்கிறது, குறைவது 3.5. பொறியாளரிடம் திருத்திய மதிப்பீடு வாங்கிக்கொண்டு, வீட்டுக் கடனையே அந்த அளவுக்கு உயர்த்தித் தரச் சொல்லி உங்கள் வங்கியில் கேளுங்கள். இதே வட்டியில் கிடைத்தால் தவணை 3,000 சொச்சம்தான் கூடும். வங்கி மறுத்தால் மச்சானிடம் கைமாற்றாகக் கேளுங்கள், தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, போர்ட்டிகோவும் கூரையும் அவர் ஆசைப்பட்டவைதானே.

அப்புறம் ஒன்று. உங்கள் பக்கம் மேடும் பள்ளமுமான பூமி. தடுப்புச் சுவர், மண் நிரப்புதல், காம்பவுண்ட், செப்டிக் டேங்க் எல்லாம் பெரும்பாலும் சதுர அடி ரேட்டில் சேராது. கான்ட்ராக்டர் கேட்ட 10 லட்சத்தில் இவை உண்டா, இல்லையா என்று இந்த வாரமே எழுத்தில் வாங்குங்கள். இல்லை என்றால் டைல்ஸ் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் எனக்கு மறுபடி எழுதுங்கள், கணக்கை மாற்றிப் போட வேண்டியிருக்கும்.

மாமனாரிடம் மனைவியையும் கூட்டிக்கொண்டு நேரில் போய், "மாமா, இனி புதுசா எதுவும் சேர்க்கல. பெயின்ட் அடிக்காமலே பால்காய்ச்சு வைக்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். ஆவணிக்குள் முடியாவிட்டால் தையில் வைக்கலாம். கூடுதலாகப் போவது ஐந்து மாத வாடகை, 35,000 ரூபாய்.