துரை கொடுத்த வெனிஸ் படம்: சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள்

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் கேட்கிறார்: தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தாவிடம் வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும்போது கொடுத்த படம் வீட்டில் இருக்கிறது. வெனிஸ் கால்வாய், கறுப்புக் கொண்டோலா படகு, கோடு போட்ட சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக ஒரு படகோட்டி, மூலையில் 'கனலெட்டோ' (வெனிஸ் காட்சிகளுக்குப் பெயர்போன இத்தாலிய ஓவியர்) என்ற கையெழுத்து. பழம்பொருள் வாங்கும் ஒருவர் இது அசல்தான், 800 வெள்ளி கட்டினால் சான்றிதழ் எடுத்து லட்சக்கணக்கில் விற்றுத் தருகிறேன் என்கிறாராம். கட்டலாமா?

கட்டாதீர்கள். கையெழுத்தை விட்டுவிட்டுப் படகோட்டியைப் பாருங்கள். கனலெட்டோ 1768-இல் இறந்துவிட்டார், கோடு போட்ட சட்டையும் அந்தத் தொப்பியும் 20-ஆம் நூற்றாண்டில்தான் கொண்டோலாக்காரர்களின் அடையாளமானது. அவர் காலத்துப் படகுகள் பலவற்றின் நடுவில், பயணி மழை வெயில் படாமல் உட்கார ஒரு கூண்டு இருக்கும். இன்றைய கொண்டோலாவில் அது கிடையாது. அதற்கும் முன்னால், 1490-களில் வெனிஸ் ஓவியர் கார்ப்பாச்சோ வரைந்த ரியால்டோ பாலத்துப் படத்தில் படகோட்டிகள் வண்ண வண்ண உடையில் நிற்கிறார்கள், பின்னால் பாலமே மரப்பாலம் (கல்பாலம் 1591-இல்தான் முடிந்தது). ஓவியன் தன் கண்ணெதிரே இருந்ததைத்தான் வரைவான். கையெழுத்தை யாரும் போடலாம். கனலெட்டோ தன் படங்கள் பலவற்றில் கையெழுத்தே போடவில்லை.

பூதக்கண்ணாடியில் வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம், விஷயம் முடிந்தது. ஆனால் புள்ளி தெரியவில்லை என்பதால் கையால் வரைந்தது என்று நம்பிவிடாதீர்கள், இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஓலியோகிராஃப் என்று ஒன்று உண்டு, நம் வீடுகளில் மாட்டியிருந்த ரவிவர்மா லட்சுமி, சரஸ்வதி படங்கள் அந்த வகைதான். கல்லில் ஒவ்வொரு வண்ணமாக அச்சடித்து, தூரிகை பட்ட மாதிரி மேடுபள்ளம் அழுத்தி, மேலே வார்னிஷ் பூசி, சில சமயம் துணியிலும் ஒட்டிவிடுவார்கள். தொட்டுப் பார்த்தால் எண்ணெய் ஓவியம் என்றே தோன்றும். சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: மேடுபள்ளம் தண்ணீரிலும் வானத்திலும் படகிலும் ஒரே மாதிரி ஓடினால் அச்சு. கையால் வரைந்ததில் அலைக்கு ஒரு தடம், துடுப்புக்கு வேறு தடம் இருக்கும்.

இந்த இடைத்தரகர்கள் எல்லோரும் ஒரே வழியில்தான் வருகிறார்கள். முதலில் சான்றிதழ் கட்டணம், அப்புறம் சுத்தம் செய்யும் செலவு, அப்புறம் கோலாலம்பூரில் காட்டிவிட்டு வருகிறேன் என்று படத்தையே தூக்கிக்கொண்டு போவது. விற்றால் கமிஷன் எடுத்துக்கொள், முன்பணம் தர மாட்டேன் என்று சொல்லிப் பாருங்கள், மறுநாள் வரமாட்டார். ஈரத்துணியால் துடைக்கவும் விடாதீர்கள்.

தோட்டப்புறத்து மக்கள் ஒரு பழைய படத்தைக் கொண்டுபோய் நம்பிக் கேட்க, பக்கத்தில் ஓர் இடம்கூட இல்லாததுதான் எனக்கு ஆத்திரம். பெரிய ஏலக் கடைகளுக்குப் படம் அனுப்பினால் பதில் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்த இடைவெளியில் தரகர் புகுந்துவிடுகிறார்.

சட்டத்தைக் கழற்றாமல் பின்பக்கத்தைப் புகைப்படம் எடுங்கள். கடைச் சீட்டு, அச்சகத்தின் பெயர், பழைய ஆணி எது இருந்தாலும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம்.