கீழ ரெம்பிராண்ட்னு எழுதியிருக்கு, நம்பலாமா?

நெதர்லாந்துல இருக்குற வாசகர் ஒருத்தர் பழைய பொருள் சந்தைல பேனா ஓவியம் ஒண்ணு வாங்கி போட்டோ அனுப்பியிருக்கார். தொப்பி போட்ட கிழவர், கைல கோல், பழுப்பு இங்க், ஓரத்துல 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் "ரெம்பிராண்ட்" பேரு எழுதியிருக்கு. இத எப்படி படிக்கிறது, லேமினேட் பண்ணலாமான்னு கேக்குறார்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம் சார், செலோடேப்பும் வேண்டாம், தண்ணி தொட்டு துடைக்கவும் கூடாது. அந்தக் காலத்து இங்க் பலதும் மாசிக்காய்ச் சாறுல அன்னபேதி (இரும்பு உப்பு) போட்டு, பிசின் கலந்து செஞ்சது. எழுதுனப்போ கறுப்பு, வருஷம் ஆக ஆக பழுப்பாயிடும், அதுல இருக்குற அமிலமும் இரும்பும் பேப்பரையே அரிக்கும். திக்கா கோடு விழுந்த இடத்துல பின்பக்கம் பழுப்பு தெரியுதா, விரிசல் இருக்கான்னு பாருங்க. அடுப்புப் புகைக்கரியில செஞ்ச இங்க்கும் உண்டு, அது ஆரம்பத்துலயே பழுப்பு, இப்படி அரிக்காது.

அந்தப் பேரை இப்போதைக்கு விட்டுடுங்க. ரெம்பிராண்ட் தன் டிராயிங்ல கையெழுத்து போட்டது ரொம்ப அபூர்வம், பின்னாடி வாங்குனவங்க, வித்தவங்க எழுதுனதுதான் நிறைய. 1950கள்ல கலை வரலாற்று ஆய்வாளர் ஓட்டோ பெனெஷ் ரெம்பிராண்ட் டிராயிங்குகளுக்கு ஆறு தொகுதியா போட்ட பட்டியல்ல அவர் பேர்ல இருந்த படங்கள்ல எத்தனையோ இன்னிக்கு ஃபெர்டினாண்ட் போல், கோவர்ட் ஃபிளிங்க், நிக்கோலாஸ் மாஸ் மாதிரி சீடர்கள் பேருக்கு மாறியிருக்கு.

லென்ஸ் வச்சு கோல் பிடிச்ச கையைப் பாருங்க. முதல்ல மெல்லிசா ஒரு கோடு, அது சரியில்லன்னு பக்கத்துலயே திக்கா இன்னொண்ணு, விரல் கொஞ்சம் கீழ இறங்கியிருக்கு. எனக்கு இந்தப் படத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், காப்பி அடிக்கிறவருக்கு கோடு எங்க போகும்னு முன்னாடியே தெரியும், அவர் இப்படி தேட மாட்டார். கிழவரோட காலைப் பாருங்க, ரெண்டே இழுப்பு, கடைசில இங்க் தீந்து பேப்பர் தெரியுது, நாணல் பேனாவுக்கு அப்படி ஆகும். இறகுப் பேனான்னா மெல்லிசுல இருந்து தடிமனா வழுக்கிட்டுப் போகும். அழுத்துன இடத்துல ரெண்டு ஓரமும் கீறுன மாதிரி இணைகோடு இருந்தா ஸ்டீல் நிப், அப்போ 19ஆம் நூற்றாண்டுதான்.

அப்புறம் பேப்பர். ஃப்ரேம்ல இருந்து எடுத்து எல்இடி லைட்டுக்கு நேரா பிடிங்க (சூடாகுற பல்பு கிட்ட கொண்டு போகாதீங்க). நெருக்கமா மெல்லிய கோடுகள், அதுக்குக் குறுக்க ரெண்டரை சென்டிமீட்டர் மாதிரி இடைவெளி விட்டு கொஞ்சம் தடிச்ச கோடுகள் தெரியணும். எந்தக் கோடும் இல்லாம துணி மாதிரி சீரா இருந்தா 1750களுக்கு முந்தின பேப்பர் கிடையாது, ரெம்பிராண்ட் 1669லயே செத்துட்டார், கேள்வி அங்கயே முடிஞ்சுது. கோடு இருக்குங்கறதால மட்டும் பழசுன்னும் சொல்லிட முடியாது, அந்த வகை பேப்பர் இன்னிக்கும் செய்றாங்க. நீர்க்குறி (பேப்பர் செய்யும்போதே உள்ள பதிச்ச, வெளிச்சத்துல தெரியுற அடையாளம்) இருந்தா, மணி கட்டுன கோமாளித் தொப்பியோ ஆம்ஸ்டர்டாம் சின்னமோ, அளவுகோல் வச்சு போட்டோ எடுத்துக்கோங்க.

தொப்பியையும் உடையையும் வச்சு காலம் கணிக்கப் போகாதீங்க, ரெம்பிராண்ட் பட்டறைல பழைய காலத்து உடையைப் போட்டு ஆளை உக்கார வைக்கிறது சகஜம். இது யாரோ ஒருத்தரோட போர்ட்ரெய்ட்டா இருக்கணும்னும் இல்ல, பைபிள் கதைப் படத்துக்குப் பயிற்சியாவும் இருக்கலாம்.

பின்பக்க மூலைல சின்ன முத்திரை ஏதாவது இருந்தா அதுதான் முக்கியம், பழைய சேகரிப்பாளர் குறி. ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921ல தொகுத்த குறிகள் பட்டியல் இப்போ இணையத்துலயே இருக்கு, அதுல தேடுங்க. பேப்பர் பழசுன்னு தெரிஞ்சா, நீர்க்குறி, முத்திரை, அந்தக் கை மூணோட போட்டோவையும் எடுத்துட்டு டென் ஹாக்ல இருக்குற ஆர்கேடிங்கற (RKD) கலை வரலாற்று ஆவண நிறுவனத்தைக் கேளுங்க. அதுவரைக்கும் அமிலமில்லாத பேப்பர்ல வச்சு, வெயில் படாத எடத்துல படுக்க வச்சிருங்க.