லியோனில் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடக்கிறதா?

கேள்வி: அக்கா, கணவரின் வேலை காரணமாகக் கோவையிலிருந்து பிரான்சில் லியோன் நகரத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. பிள்ளைகள் இரண்டு பேர், பெண்ணுக்குப் பத்து வயது, பையனுக்கு ஆறு. வந்த புதிதில் கோயில், மியூசியம், பூங்கா என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது சனிக்கிழமை ஆனால் பார்-தியூ மாலுக்குப் போய் எதையாவது வாங்கிக்கொண்டு வருகிறோம், ஞாயிறு ஊரே பூட்டிக்கிடக்கிறது. வெளியே சாப்பிடலாம் என்றால் நாங்கள் சைவம் (முட்டை சாப்பிடுவோம்), பில்லும் பயமுறுத்துகிறது. கணவருக்கு வார இறுதியில் தூங்கினால் போதும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் எப்போது பார்த்தாலும் வெளியே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படித்தான் பொழுதைப் போக்குகிறார்கள்? ஆகஸ்டில் மாமியார் வேறு வருகிறார்.
பெயர் வேண்டாம், வில்லர்பான் (லியோனை ஒட்டிய ஊர்)

பதில்: எல்லாம் பார்த்தாகிவிட்டது என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். லியோனில் பார்க்க இருப்பது சில வார இறுதிகளில் தீர்ந்துவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஏக்கத்தோடு பார்க்கிற அந்த ஊர்க்காரர்கள் புதிதாக எதையும் பார்க்கப் போவதில்லை, போன வாரம் போன அதே சந்தைக்கு, அதே கடைக்கு, அதே நேரத்துக்கு இந்த வாரமும் போகிறார்கள். எது எந்த நேரத்தில் நன்றாக இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும், உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொள்வோம். பூட்டிக்கிடப்பது மதியம்தான். எழுந்து, தோசை ஊற்றி, பிள்ளைகளைக் குளிக்க வைத்து, ஊருக்கு வீடியோ கால் பேசி முடித்து நீங்கள் கிளம்பும்போது மணி ஒன்றரை ஆகியிருக்கும், அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட இருக்காது. காலை ஒன்பதரைக்கு மெட்ரோ சி லைனில் ஏறி க்ருவா-ரூஸ் குன்றின் மேலே போய் இறங்குங்கள் (அந்த மெட்ரோ பல்சக்கரத் தண்டவாளத்தில் மேடேறும், சின்னவனுக்கு அதுவே ஒரு ரைடு). திங்கள் தவிர எல்லா நாளும் காலையில் அங்கே அகலமான சாலை ஓரமாக நீளமான சந்தை இருக்கும். ஞாயிறு காலை அக்கம்பக்கம் முழுவதும் கூடையும் தள்ளுவண்டியுமாக அங்கேதான் நிற்கும், காய்கறி வாங்க வந்தவர்கள் அப்படியே பக்கத்து காபிக் கடை வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்தது இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கும்.

சந்தையில் இரண்டு விஷயம். முதலில் போன்ஜூர் (வணக்கம்) சொல்லுங்கள், அப்புறம் விலை கேளுங்கள். போன்ஜூர் இல்லாமல் நேராக "தக்காளி எவ்வளவு" என்றால் அந்த முகம் கடைசி வரை இளகாது. அடுத்தது, உழவர் சந்தையில் செய்கிற மாதிரி வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிற வேலை எல்லாம் இங்கே ஆகாது, கடைக்காரர்தான் எடுத்துத் தருவார். கோடையில் முலாம்பழம் கேட்டால் இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற பழுப்பில் ஒன்றைப் பொறுக்கிக் கொடுப்பார், அந்தப் பேச்சுக்காகவே நான் முலாம்பழம் வாங்குவேன். ஒரே கடைக்குத் தொடர்ந்து போங்கள். கொஞ்ச நாளில் உங்கள் பையனுக்கு ஒரு கைப்பிடி செர்ரி சும்மா வரும், உங்கள் பிரெஞ்சும் வகுப்பில் வளர்வதைவிட வேகமாக வளரும். இந்தக் குன்று தூரம் என்றால் சோன் ஆற்றங்கரையில் சேன்-அந்துவான் சந்தையும் திங்கள் தவிர தினமும் உண்டு. பழைய பொருட்கள் பிடிக்கும் என்றால் உங்கள் வில்லர்பானிலேயே ஞாயிறு காலை ப்யூஸ் தியூ கனால் என்கிற பழம்பொருள் சந்தை கூடுகிறது. வாங்க வேண்டும் என்று இல்லை, யாரோ ஒரு பாட்டியின் வெள்ளிக் கரண்டியையும் பழைய போஸ்ட்கார்டுகளையும் புரட்டிக்கொண்டிருந்தாலே காலை போய்விடும்.

சந்தைக்குக் கணவர் வராவிட்டால் விடுங்கள், தூங்கட்டும். வாரம் முழுக்க உழைத்தவரை எழுப்பி இழுத்துக்கொண்டு போனால் அவர் முகத்தைப் பார்த்தே உங்கள் காலை கெட்டுவிடும். திரும்பி வரும்போது சூடான ரொட்டியோடு வாருங்கள், சில வாரங்களில் அவரே செருப்பைத் தேடுவார்.

பூங்காவுக்கு வருவோம். தெத் தோர் பூங்காவை நீங்கள் ஒரே நாளில் சுற்றி முடித்திருப்பீர்கள், போட்டோவும் இருக்கும். 117 ஹெக்டேர், 1857-இல் திறந்த பூங்கா. ஏரி, தாவரவியல் தோட்டம், ரோஜாத் தோட்டம், ஒட்டகச்சிவிங்கி இருக்கிற விலங்குக்காட்சிச்சாலை, எதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. காசில்லாத இடத்தை ஒரே நாளில் முடிக்க என்ன அவசரம்? ஒரு நாள் ஒட்டகச்சிவிங்கி மட்டும், இன்னொரு நாள் ஏரியைச் சுற்றி ஒரு நடை மட்டும். உங்களுக்கு ஏற்ற நாள் புதன்கிழமை, மதியத்துக்கு மேல் பள்ளி கிடையாது என்பதால் ஊரில் இருக்கிற பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள், கூடவே அவர்களுடைய அம்மாக்களும் தாத்தாக்களும். நாலரை மணி ஆனால் எல்லாப் பைகளிலிருந்தும் கூத்தே வெளியே வரும், அதாவது சாயங்காலப் பலகாரம், ரொட்டிக்கு நடுவே ஒரு சாக்லேட் துண்டு. நீங்கள் முறுக்கு டப்பாவைத் திறங்கள். பக்கத்துப் பெஞ்சோடு பழக்கம் பிடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அதே பூங்காவில் கிஞ்ஞோல் பொம்மலாட்டம் நடக்கும். லோரான் மூர்கே என்று ஒருவர், பட்டு வேலை போய்ப் பல் பிடுங்கிப் பிழைத்தவர், வாய் திறக்க வருகிறவர்களை இழுக்கப் பொம்மை ஆட்டினார், 1808 வாக்கில் கிஞ்ஞோல் பிறந்தான் என்பார்கள். இன்றைக்கும் கதை மாறவில்லை. கிஞ்ஞோல் தடியால் போலீஸ்காரரை வெளுப்பான், பின்னால் யாராவது பதுங்கி வந்தால் கொட்டகையில் இருக்கிற குழந்தைகள் எல்லாம் கத்தி அவனை எச்சரிக்கும். பிரெஞ்சு புரியாத குழந்தையும் அஞ்சு நிமிடத்தில் கூடச் சேர்ந்து கத்த ஆரம்பித்துவிடும். இதற்கு மட்டும் டிக்கெட் உண்டு, கொடுக்கலாம்.

சாப்பாடு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், லியோனின் பேர்பெற்ற புஷோன் உணவகங்கள் சைவக்காரர்களுக்காக ஏற்பட்டவை அல்ல. குடல், ஈரல், பன்றி, இதுதான் அங்கே பெருமை. சாலட் லியோனேஸ் என்று அப்பாவியாக ஒரு பெயரைப் பார்த்து ஆர்டர் செய்துவிடாதீர்கள், கீரைக்கும் முட்டைக்கும் நடுவே பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். கெனெல் என்பது பார்க்க மாவுக் கொழுக்கட்டை போல இருக்கும், பெரும்பாலும் அதில் மீன், மேலே ஊற்றும் நாந்துவா சாஸில் நன்னீர் இறால். தைரியமாகக் கேட்கக்கூடியது செர்வெல் த கனு, பூண்டும் பச்சை மூலிகைகளும் அடித்துக் கலந்த, பதப்படுத்தாத புதுப் பாலாடைக்கட்டி, ரொட்டியில் தடவிச் சாப்பிட்டால் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும், வீட்டில் கெட்டித் தயிரை வடிகட்டி ஏறக்குறைய செய்துவிடலாம். இனிப்பில் பிராலின் தார்த், சர்க்கரை பூசிய பாதாமைக் கிரீமில் உருக்கி ஊற்றிய ரோஜா நிற வட்டம். ஒரு துண்டு வாங்கி நாலு பேரும் பகிருங்கள், அவ்வளவு தித்திப்பு.

பில் பயத்துக்கு வழி, ராத்திரி போகாமல் மதியம் போவது. வார நாள் மதியத்தில் அன்றைய சாப்பாடு என்று ஒன்றைக் கரும்பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அதே சமையலறை ராத்திரி வாங்குவதைவிடக் குறைவு. ஆனால் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் போய்விட வேண்டும், இரண்டேகாலுக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள், கராஃப் தோ என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் குடுவையில் இலவசமாகத் தருவார்கள், அதற்குக் கூச்சப்பட எதுவுமே இல்லை. வெளியே நாற்காலி போட்ட காபிக் கடையில் ஒரு எஸ்பிரெஸோ வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். இந்த ஊர்க்காரர்கள் கொடுக்கும் காசு பாதி காபிக்கு, பாதி நாற்காலிக்கு. நாம்தான் பத்து நிமிடத்தில் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம்.

மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை சாயங்காலத்தை ரோன் ஆற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். இப்போது ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற அந்தக் கரை முன்பு கார் நிறுத்துமிடம், 2007-இல்தான் காரை எல்லாம் அப்புறப்படுத்தி தெத் தோர் பூங்காவிலிருந்து ஜெர்லான் வரை சுமார் 5 கிலோமீட்டருக்கு நடைபாதையும் புல்வெளியுமாக மாற்றினார்கள். கிலோத்தியேர் பாலத்துப் பக்கம் அகலமான படிக்கட்டுகள் இருக்கின்றன. ஆறரை, ஏழு மணிக்கு மேல் வேலை முடிந்தவர்கள் சிப்ஸும் ஒலிவும் பாட்டிலுமாக அங்கே வந்து இறங்குவார்கள், ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். நீங்கள் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போங்கள். ஒரே எச்சரிக்கை, சைக்கிள்காரர்கள் வேகமாக வருவார்கள், சின்னவன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெலோவ் வாடகை சைக்கிளுக்கு 14 வயது ஆக வேண்டும், அது உங்களுக்கும் கணவருக்கும்தான். பாரிஸ் தன் வாடகை சைக்கிளான வெலிப்பை 2007-இல்தான் கொண்டுவந்தது, லியோனில் வெலோவ் 2005-லேயே வந்துவிட்டது, இந்த ஊர்க்காரர்களோடு பேச்சை ஆரம்பிக்க இது போதும், பாரிஸை முந்திய கதை என்றால் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆற்றங்கரையிலேயே திறந்தவெளி நீச்சல் குளமும் இருக்கிறது. ஆண்கள் தொளதொள அரைக்கால்சட்டையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள், உடம்போடு ஒட்டிய நீச்சல் உடையும் தலைக்குத் தொப்பியும் வேண்டும். வீட்டிலேயே பையில் எடுத்து வையுங்கள்.

பெரியவளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: த்ரபூல் தேடுவது. வீடுகளின் வயிற்றுக்குள் புகுந்து ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகிற வழிகள், பழைய லியோனிலும் க்ருவா-ரூஸ் சரிவிலும் கொஞ்சம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. காலையில் போங்கள், சத்தம் போடாமல் போங்கள், உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கொல்பேர் சதுக்கத்தில் 9-ஆம் எண் கதவுக்குள் ஒரு பெரிய கல் மாடிப்படி இருக்கிறது, ஆறு மாடி. இந்தக் குன்றில் வீட்டுக் கூரை ஏன் இவ்வளவு உயரம் என்று அவள் கேட்பாள். பட்டுத் தறி உயரமானது, தறி நிற்கத்தான் அந்த உயரம். காஞ்சிபுரத்துத் தறிக்கு மேலே அட்டைகள் கோத்துத் தொங்குகிறதே, அந்த ஜக்கார்டு இந்த ஊர்க்காரர் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்தது. மேசோன் தே கனு என்கிற பட்டு நெசவு அருங்காட்சியகத்தில் தறியை இயக்கியே காட்டுகிறார்கள். உங்கள் கல்யாணப் புடவையை வைத்துச் சொல்லிக்கொடுங்கள், அருங்காட்சியகச் சலிப்பு இருக்காது.

சினிமா பிடிக்கும் என்றால் மெட்ரோ டி-யில் மோன்ப்ளேசிர்-லூமியேர் இறங்குங்கள். 1895-இல் தொழிலாளிகள் ஆலையை விட்டு வெளியே வருவதை லூமியேர் சகோதரர்கள் படம் பிடித்த இடம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்துச் சதுக்கத்தில் கோடையில் செவ்வாய்க்கிழமை ராத்திரிகளில் இலவசமாகத் திரை கட்டுவார்கள், போர்வை கொண்டுபோங்கள்.

டிசம்பர் 8-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். 1852-இல் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலைத் திறப்பு செப்டம்பரில் நடக்க வேண்டியது, சோன் ஆற்று வெள்ளத்தால் டிசம்பர் 8-க்குத் தள்ளிப்போனது, அன்றைக்கும் புயல் வந்து விழா இல்லை என்றான பிறகு வானம் வெளுக்க, ஜனங்கள் தாங்களாகவே சன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தார்கள். இப்போது அது பல ராத்திரி ஒளி விழா. சனிக்கிழமை நடு ஊருக்குள் போகாதீர்கள், குழந்தையோடு நகர முடியாது. 8-ஆம் தேதி உங்கள் சன்னலில் கண்ணாடிக் குவளை விளக்கு வையுங்கள், பெட்டியாக எங்கும் கிடைக்கும். கார்த்திகையும் சில வருடம் அதே வாரத்தில் வரும், ஒரே எண்ணெய்ச் செலவு.

மாமியார் விஷயம். ஆகஸ்டில் ஊர் பாதி காலியாகிவிடும், பேக்கரிகளே மூடுவார்கள், எந்த பேக்கரி எந்தத் தேதி வரை மூடல் என்று கதவில் ஒட்டியிருப்பதை ஜூலைக் கடைசியிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரத்தில் அவரை வெளியே கூட்டிப்போகாதீர்கள். காலையில் தெத் தோர் ஏரிக்கரை, சமதளம், பெஞ்சுகள் நிறைய. சாயங்காலம் ஆறரைக்குப் பழைய லியோனிலிருந்து ஃபூர்வியேர் போகும் இழுவை ரயிலில் ஏற்றுங்கள், மெட்ரோ பாஸே போதும், முழங்காலுக்கு வேலை இல்லை. மேலே போனால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், எதிரே இரண்டு ஆறும் ஊரும் பளிச்சென்று தெரியும், வானம் தெளிந்தால் ஆல்ப்ஸ் மலையின் மோன் ப்ளான் சிகரம்கூடத் தெரியும் (தெரிந்தால் மழை வரும் என்பது உள்ளூர் நம்பிக்கை, குடை எடுத்துக்கொள்ளுங்கள்). பக்கத்திலேயே ரோமானியர் அரங்கு, உள்ளே போக இலவசம், ஆனால் கல்படிகள் செங்குத்து, அவர் மேலேயே உட்காரட்டும், பிள்ளைகள் இறங்கி ஏறட்டும். நடந்து கீழே இறங்கலாம் என்று கணவர் ஆசைகாட்டுவார். வேண்டாம், திரும்பவும் ரயிலிலேயே வாருங்கள்.