மகள் தரும் ஈரல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் அண்ணனின் நோயைப் பற்றி நீங்கள் எழுதிய பழைய கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு வயது 57. மின்வாரியத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வில் வந்தவன். குடிப்பழக்கம் கிடையாது. ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது தெரியாமலே பல வருடங்கள் ஓடிவிட்டன. ஈரல் சுருங்கி, அதில் 3.4 செ.மீ. அளவில் ஒரு கட்டி. புற்றுநோய்தான். மாற்று ஈரல் வைத்தால் சுருக்கம், கட்டி இரண்டுக்கும் அதுவே வைத்தியம் என்றார்கள். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறும் பட்டியலில் பதிந்து ஏழு மாதம் ஆகிறது. கட்டி வளராமலிருக்க ஒருமுறை டேஸ் (TACE) என்ற சிகிச்சை செய்திருக்கிறார்கள்.

இரண்டு விஷயங்கள் தூங்கவிடுவதில்லை. ஒன்று, ஈரல் கிடைத்திருக்கிறது, வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வரவேண்டிய அந்த ஃபோன். டிவியில் பைக் விபத்து என்று செய்தி ஓடினால் மனசு முதலில் கேட்பது, "என்ன ரத்தப் பிரிவாக இருக்கும்?" என்பதைத்தான். அடுத்த நொடி என் மேலேயே அருவருப்பு வருகிறது. இன்னொருவர் சாவதற்காகக் காத்திருப்பவன் என்ன மனிதன்?

இரண்டாவது, என் மகள். 26 வயது. என் ரத்தப் பிரிவுதான். தன் ஈரலில் பாதியைத் தருகிறேன் என்று மூன்று மாதமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள். கல்யாணமாகாத பெண்ணின் வயிற்றைக் கிழித்து நான் பிழைக்க வேண்டுமா? முடியாது என்று சொல்லிவிட்டேன். இப்போது என்னோடு பேசுவதில்லை. நான் செய்தது தப்பா? உங்கள் அண்ணன் பிறகு என்ன ஆனார் என்பதையும் சொல்லுங்கள்.

ம.

*

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் இறந்துவிட்டார். பட்டியலில் சேர்ந்த பதினோராவது மாதம் எடுத்த ஸ்கேனில் கட்டி 5.8 செ.மீ. என்று வந்தது. 5 செ.மீ.ஐத் தாண்டிவிட்டது என்று பெயரை எடுத்துவிட்டார்கள். அப்புறம் மாத்திரையோடு ஒன்பது மாதம் இருந்தார். அந்தக் கட்டுரையில் இதை எழுதாமல் விட்டது என் கோழைத்தனம். உங்களைப் போல யாராவது படிப்பார்களே என்று பயந்தேன். நீங்களே கேட்டுவிட்டீர்கள், இனி மறைப்பதில் அர்த்தமில்லை.

அந்த 5 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று அப்போது ஆத்திரத்தோடு தேடிப் படித்தேன். 1996க்கு முன்பு ஈரல் புற்றுநோய்க்கு மாற்று ஈரல் வைப்பது கிட்டத்தட்ட வீண் வேலை என்றே பலரும் நினைத்தார்கள். வைத்த ஈரலிலும் நோய் திரும்பி வந்தது. அந்த வருடம் இத்தாலியின் மிலான் நகரத்தில் மஸ்ஸஃபெர்ரோ என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 48 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக்குழாய்க்குள் போயிருக்கக் கூடாது. இப்படித் தேர்ந்தெடுத்தவர்களில் நான்கு வருடம் கழித்து நான்கில் மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள். உலகம் முழுக்க அதைத்தான் 'மிலான் வரம்பு' என்கிறார்கள். அண்ணனை வெளியே தள்ளிய கோடு அதுதான். அவரை முதலில் உள்ளே சேர்த்ததும் அதே கோடுதான் என்பது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

இன்று நிலைமை கொஞ்சம் இளகியிருக்கிறது. வரம்பைத் தாண்டிய கட்டியையும் சிகிச்சையால் சுருக்கி மறுபடி பட்டியலில் சேர்க்கிறார்கள். உங்களுடைய 3.4 உள்ளேதான் இருக்கிறது. டேஸ் செய்ததும் அதற்காகத்தான். ஈரலுக்குப் பெரும்பகுதி ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கட்டியோ தமனியைத்தான் உறிஞ்சுகிறது. அதனால் தமனி வழியாகக் குழாயை விட்டு, மருந்தைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் வழியை அடைக்கிறார்கள். காய்ச்சலும் வாந்தியுமாகச் சில நாள் படுத்தியிருக்குமே? அண்ணன் அதை "கட்டிக்குப் பட்டினி போட்டா நமக்கும் சோறு இறங்க மாட்டேங்குது" என்பார். கட்டி நிரந்தரமாகப் பட்டினி கிடப்பதில்லை. கிடைப்பது அவகாசம்தான். பட்டியல் உங்கள் அவகாசத்தைப் பார்த்து நகர்வதில்லை.

சரி, அந்த ஃபோனுக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஆறாவது மாதம், ராத்திரி ஒன்றே முக்காலுக்கு வந்தது. தண்ணீர்கூடக் கொடுக்காமல் கூட்டி வாருங்கள் என்றார்கள். திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு அடித்துப் பிடித்துப் போனோம். காலை ஆறு மணிக்கு நெஞ்சு, வயிறெல்லாம் சவரம் செய்து, பச்சை அங்கி போட்டு, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துவிட்டார்கள். அண்ணி தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பதரைக்கு டாக்டர் வந்து, "திறந்து பார்த்தார்கள், கொழுப்பு அதிகம், அந்த ஈரல் ஆகாது" என்றார். அங்கியைக் கழற்றிவிட்டு அதே காரில் திரும்பினோம். மதுராந்தகம் தாண்டி ஒரு கடையில் நிறுத்தினோம். உப்பு ஆகாது என்பதால் சாம்பாரை ஒதுக்கிவிட்டு இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டார். மூன்றாவது இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு, "அந்த வீட்ல இந்நேரம் என்ன பண்ணிட்டு இருப்பாங்கடா?" என்றார்.

நான் அதுவரை அந்த வீட்டைப் பற்றி ஒரு கணம்கூட நினைக்கவில்லை. உங்களுக்கு நினைப்பு வருகிறது, அருவருப்பும் வருகிறது. நீங்கள் ஆசைப்பட்டதால் எந்த பைக்கும் லாரியில் மோதவில்லை, ம. அந்தச் சாவு உங்களைக் கேட்டு நடப்பதில்லை, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டால் நிற்பதுமில்லை. அதற்குப் பிறகு ஐ.சி.யு. வாசலில் ஒரு குடும்பம் எடுக்கும் முடிவு ஒன்று இருக்கிறது. 2008இல் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தர, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த அவன் பெற்றோர் எடுத்தது அப்படி ஒரு முடிவு. நீங்கள் காத்திருப்பது அந்த முடிவுக்காக. ரத்தப் பிரிவைக் கேட்கும் மனசு பிழைக்க விரும்பும் மனசு, அவ்வளவுதான்.

இனி மகள். இதில் நான் நடுநிலையாளன் இல்லை.

அண்ணனுக்கு ஒரே பையன், அப்போது 24 வயது. அவனும் தருகிறேன் என்றான். "என் பிள்ளை மேல கத்தி படக்கூடாது" என்று அண்ணன் முடித்துவிட்டார். நான் அண்ணன் பக்கம் நின்றேன். "அப்பாவ நோகடிக்காதடா" என்று பையனைத்தான் அடக்கினேன். முதல் வருடத் திதி முடிந்து இலை எடுக்கும்போது அவன் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "சித்தப்பா, டெஸ்டாவது பண்ணிப் பாத்திருக்கலாம்ல?" பரிசோதனையில் பொருந்தாமல் போயிருக்கலாம். பொருந்தியும் அண்ணன் பிழைக்காமல் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் "முடியவில்லை" என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் செய்துவிட்டோம்.

உங்கள் பயம் நியாயமானதுதான், அதையும் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்கு வலது பக்க ஈரலை எடுக்கிறார்கள், சுமார் அறுபது சதவீதம். இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும், உண்மை. ஆனால் பெரிய ஆபரேஷன். தந்தவர் இறந்துபோவதும் உண்டு. ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை என்று மருத்துவர்களே சொல்வார்கள். தழும்பு நீளமாக இருக்கும். குழந்தை பெறத் தடையில்லை, ஒரு வருடமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள். இன்னொன்றும் உறுத்துகிறது: இந்த நாட்டில் ஈரல் பெறுபவர்களில் ஆண்கள் அதிகம், தருபவர்களில் பெண்கள் அதிகம். மனைவி, அம்மா, மகள். 'அவளாகத்தான் தருகிறாள்' என்ற வார்த்தைக்குள் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், அதை நீங்களும் நானும் முடிவு செய்ய வேண்டாம். முறையான மருத்துவமனையில் தருபவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார்கள். அவள் அங்கே "பயமாயிருக்கு, வேண்டாம்" என்று சொன்னால், "பொருந்தவில்லை" என்று மட்டும்தான் வெளியே சொல்வது பொதுவான வழக்கம். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஈரலில் கொழுப்பு இருந்தாலும், அவளுக்கு மிஞ்சும் பகுதி முப்பது சதவீதத்துக்குக் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தருகிறேன் என்று வரும் பலரும் சோதனையோடே நின்றுவிடுகிறார்கள். இவ்வளவு வடிகட்டல் இருக்கும் இடத்தில் முதல் கதவை நீங்களே ஏன் சாத்துகிறீர்கள்?

இந்தியாவில் முதன்முதலாக வெற்றி பெற்ற ஈரல் மாற்று 1998இல், டெல்லி அப்போலோவில். காஞ்சிபுரத்துக் குழந்தை, இருபது மாதம். அப்பா தன் ஈரலில் ஒரு துண்டைக் கொடுத்தார். அந்தக் குழந்தை இப்போது டாக்டர். இதைக் கேட்டால் நமக்கெல்லாம் கண் கலங்கும். பிள்ளை அப்பாவுக்குத் தருகிறேன் என்றால் மட்டும் ஏதோ திருட்டு போலக் கூச்சப்படுகிறோம். இரண்டும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கு 57, அவளுக்கு முன்னால் முழு வாழ்க்கை இருக்கிறது. அவள் கேட்பதும் அந்த வாழ்க்கையில் அப்பா இருக்க வேண்டும் என்பதைத்தானே?

காத்திருக்கும் நாட்களுக்கு ஒரே ஒரு யோசனை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தினமும் காலையில் காபிக்கு முன்னால் கையெழுத்துப் போடுங்கள். அண்ணனுக்கு டாக்டர் சொன்னது இது. ஈரல் கழிவை வெளியேற்றத் தவறினால் மூளை மங்கும், கையெழுத்து அதை முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். அண்ணன் பெயரின் கடைசி 'ன்' ஒரு நாள் கோட்டைவிட்டுச் சரிந்து இறங்கியிருந்தது, புள்ளி பக்கத்து வரியில் போய் விழுந்திருந்தது. அவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சாதித்தார். அண்ணி நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டருக்கு ஃபோன் போட்டார். கழிவை மலத்தோடு வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்தின் அளவைக் கூட்டினார்கள், இரண்டு நாளில் 'ன்' மேலே ஏறி வந்தது. அந்த மருந்தால் இரண்டு மூன்று தடவை கக்கூஸ் போக வேண்டியிருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். அப்படிப் போவதுதான் வைத்தியம்.

ஒன்று விட்டுப்போயிற்று. உங்களுக்கு ஹெபடைடிஸ் பி என்றால் வீட்டில் எல்லோருமே ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரே தம்ளரில் குடிப்பதால் அது ஒட்டாது. ஆனால் இந்தத் தடுப்பூசி நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு வந்ததே 2011 வாக்கில்தான். உங்கள் மகள் அதற்கு முந்தைய தலைமுறை. ஈரல் தருவதோ வேண்டாமோ, அந்தப் பரிசோதனை அவளுக்காகவே அவசியம். அதற்கு நீங்களே கூட்டிப்போங்கள். காலையில் லேபில் எப்படியும் முக்கால் மணி நேரம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

அடுத்த ஸ்கேன் முடிந்ததும் அளவை எனக்கு எழுதுங்கள்.