கடைச் சாப்பாட்டுக்குக் கலோரிக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டர்பனில் வேலை. வாரத்தில் இரண்டு நாள் மதியம் வெளியில் குவாட்டர் மட்டன்தான் (கால் பிரெட்டைத் தோண்டி உள்ளே மட்டன் கறி ஊற்றித் தரும் பன்னி சௌ). ஒரு நாளைக்கு 1,800 கலோரி என்று டயட்டீஷியன் சொல்லியிருக்கிறார். போன் ஆப்பில் ‘பன்னி சௌ’ என்று தேடினால் 450 என்றும் வருகிறது, 1,400 என்றும் வருகிறது. எதை நம்பி எழுதுவது?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டையும் நம்பாதீர்கள். ஆப்பில் எழுதியவர் வாங்கிய கடை வேறு, பிரெட் வேறு, கறி வேறு. சாப்பாட்டைப் பிரித்துப் பிரித்து எடை போட்டால் நீங்களே கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடலாம்.

முதலில் பிரெட். இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. வழக்கமான வெள்ளை பிரெட் 700 கிராம். குவாட்டர் என்றால் 175 கிராம். வெள்ளை பிரெட் 100 கிராமுக்குச் சுமார் 250 கலோரி. ஆக, கறி ஊற்றும் முன்பே 440 கலோரி வந்துவிட்டது. தோண்டி எடுத்து மேலே வைத்துத் தருகிறார்களே அந்தப் பஞ்சுத் துண்டு, அதுவும் இந்த 440-க்குள்தான் அடக்கம். அது சுமார் 40 கிராம் இருக்கும். தொடாமல் வைத்துவிட்டால் 100 கலோரி குறையும். சில கடைகளில் 600 கிராம் பிரெட் வாங்குகிறார்கள். அங்கே குவாட்டர் 150 கிராம்தான். என்ன பிரெட் என்று ஒரு முறை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கறி. குவாட்டருக்குள் 250 கிராம் அளவுக்குக் கறி போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எலும்பு 30 கிராம் போகட்டும். வெந்த மட்டன் 90 கிராம் (சுமார் 235 கலோரி), உருளைக்கிழங்கு 60 கிராம் (50), வெங்காயம், தக்காளி, மசாலா எல்லாம் சேர்ந்து 25 கலோரி. கடைசியாக எண்ணெய். எண்ணெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி. 20 கிராம் எண்ணெய், அதாவது ஒன்றரை மேஜைக்கரண்டி, 180 கலோரி. கறி மட்டும் 490. பிரெட்டோடு சேர்த்து 930. கேரட், வெங்காயச் சம்பலுக்கு 15 கூட்டிக்கொண்டு 950 என்று எழுதுங்கள்.

இதில் ஆளை ஏமாற்றுவது அந்த 20 கிராம் எண்ணெய்தான். இன்னொரு கடையில் அது 10 கிராம், மற்றொன்றில் 40 கிராம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தட்டில் ஊற்றிய கறி என்றால் சிவப்பு எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்பது தெரியும். பன்னியில் அதை பிரெட் குடித்துவிடுகிறது. ‘எண்ணெயே இல்லை, நல்ல கடை’ என்ற பெயர் வருவதும் இப்படித்தான்.

அதனால் வழக்கமாகப் போகும் கடைக்கு ஒரே ஒரு முறை இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கறியைத் தனி டப்பாவில் கட்டித் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். காலி டப்பாவின் எடையைக் கழித்து, சமையலறைத் தராசில் கறியின் எடையைக் குறியுங்கள். குறுகலான கண்ணாடிப் பாத்திரத்தில் மாற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே படிந்ததை வழித்து எடை போடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: ஆட்டுக் கொழுப்பு வெள்ளையாக உறைந்து நிற்கும், அதை மட்டும் வழித்துவிட்டு முடிந்தது என்று நினைப்பார்கள். சூரியகாந்தி எண்ணெய் ஃபிரிட்ஜில் உறையாது. உறைந்த ஆடைக்கு அடியிலும் பக்கத்திலும் திரவமாகவே நிற்கும். பாத்திரத்தைச் சாய்த்து அதையும் கரண்டியில் எடுக்க வேண்டும். அப்படியும் கிழங்குக்குள்ளும் கெட்டியான கிரேவிக்குள்ளும் கொஞ்சம் தங்கியிருக்கும். பிரிந்து வந்தது 16 கிராம் என்றால், அதில் பாதியைக் கூட்டி 24 என்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். இது கைக்கணக்குதான், ஆய்வகக் கணக்கு அல்ல. சாப்பிட்டு முடித்ததும் எலும்புகளையும் நிறுத்துக் கழியுங்கள்.

இனி மாற்று ஏற்பாடுகள். குவாட்டர் பீன்ஸ் (பச்சைக் காய் அல்ல, பீன்ஸ் விதைக் கறி) லேசானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெந்த பீன்ஸ் 140 கிராம் 175 கலோரி, எண்ணெய் 15 கிராம் 135, மசாலா 25, பிரெட் 440. மொத்தம் 775. மட்டனைவிட 150-க்கு மேல் குறைவு, அவ்வளவுதான். பிரெட்டை விட்டுவிட்டு இரண்டு ரொட்டி வாங்குபவர்களுக்கு அதுவும் கிடையாது: வெண்ணெய் தடவிய 80 கிராம் ரொட்டி ஒன்று சுமார் 250, இரண்டு 500. பிரெட்டைவிட அதிகமாகவே போய்விட்டது. உருப்படியாகக் குறைய வேண்டுமானால் அதே கறியை ஒரு கப் சோற்றோடு சாப்பிடுங்கள். 250 மில்லி கப் நிறைய வெந்த சோறு சுமார் 165 கிராம், 215 கலோரி.

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. இங்கே பாக்கெட்டில் எல்லாம் கிலோஜூல் என்று போட்டிருக்கிறார்கள். என் கணக்குப் புத்தகமோ கலோரியில் இருக்கிறது.
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: நாம் கலோரி என்று சொல்வது கிலோ கலோரியைத்தான். ஒரு கிலோ கலோரி 4.184 கிலோஜூல். மனக்கணக்குக்கு நாலால் வகுத்தால் போதும். விடை நூற்றுக்கு ஐந்து அளவு கூடுதலாக வரும், வெளிச் சாப்பாட்டுக் கணக்கில் அது நல்லதற்குத்தான்.

ஆளைக் கவிழ்ப்பது வகுத்தல் அல்ல, பட்டியலில் எந்த வரிசையைப் படிக்கிறோம் என்பது. 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு ஒரு வரிசை, ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று இன்னொரு வரிசை இருக்கும். கோலா பாட்டிலில் 100 மில்லிக்கு 180 கிலோஜூல் என்று இருந்தால் சின்ன எண்ணாகத் தெரியும். 500 மில்லி பாட்டிலைக் காலி செய்தால் 900 கிலோஜூல், அதாவது 215 கலோரி.

இன்னொன்று. 2018 ஏப்ரல் 1 முதல் தென்னாப்பிரிக்காவில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி இருக்கிறது. 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல் இருக்கும் சர்க்கரைக்குத்தான் வரி. அதனால் பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள். ஊரில் எழுதிவைத்த எண்ணை இங்கே போடாதீர்கள், அதே பெயர்ப் பானமாக இருந்தாலும் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்.

கேள்வி: புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் சைவம். மீன், கறி, முட்டை எதுவும் கிடையாது. ஆனாலும் மாதம் முடிந்து தராசில் ஏறினால் எடை கூடித்தான் இருக்கிறது. எப்படி?
— வாசகி, டோங்காட்

பதில்: கறியை எடுத்தீர்கள், அந்த இடத்துக்கு எது வந்தது என்று பாருங்கள். புரட்டாசியில் வேலை நாள் மதியத்துக்குக் கடையில் சுலபமாகக் கிடைப்பது மூன்று: சிப்ஸ் (பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள்), சீஸ் டோஸ்ட், பொரித்த பலகாரம்.

சிப்ஸில்தான் பெரிய ஓட்டை. பச்சை உருளைக்கிழங்கு 100 கிராமுக்கு 77 கலோரி. பொரிக்கும்போது தண்ணீர் வெளியே போகிறது, எண்ணெய் உள்ளே வருகிறது. மெல்லிசாக மொறுமொறுவென்று இருந்தால் 100 கிராமுக்கு 300 வரை போகும். வினிகர் ஊற்றிய தடிமனான ஸ்லாப் சிப்ஸ் 230 முதல் 250. பார்த்தால் எண்ணெய் ஊறியது போல இருந்தாலும் துண்டு பெரிது, எடைக்கு ஏற்ற மேற்பரப்பு குறைவு, தண்ணீர் மிச்சம். ஆனால் பொட்டலத்தில் 250 கிராமுக்குக் குறையாமல் கொட்டித் தருகிறார்கள். அதுவே 600. அதை பிரெட்டுக்குள் வைத்துச் சாப்பிட்டால் குவாட்டர் மட்டனை எட்டிவிட்டீர்கள். வினிகருக்குக் கணக்கு வேண்டாம்.

சீஸ் தக்காளி டோஸ்ட்: இரண்டு துண்டு பிரெட் 190, சீஸ் 40 கிராம் 160, வெளியே தடவும் வெண்ணெய் 10 கிராம் 75. மொத்தம் 425. பனீர் 100 கிராமுக்குச் சுமார் 300. 2 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்று 9 கிராம் அளவு இருக்கும். கறியில் எத்தனை துண்டு என்று எண்ணினால் போதும், தராசு வேண்டாம். 40 கிராம் வடை ஒன்று 110 முதல் 120. 30 கிராம் சமோசா ஒன்று 100 என்று வையுங்கள். சமோசா சாப்பிடுபவர் ஒன்றோடு நிறுத்துவதில்லை என்பதையும் சேர்த்து வையுங்கள்.

சோயா மின்ஸ் (கொத்துக்கறி போன்ற சோயா) பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த சோயா 50 கிராம் 170 கலோரிதான், புரதம் தாராளம். ஆனால் ஊறவைக்காமல் நேரே வாணலியில் கொட்டினால் முதலில் எண்ணெயைத்தான் குடிக்கும். கடையில் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரியாதவரை ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய், 120 கலோரி, கூட்டி எழுதுங்கள்.

பருப்பும் பிரியாணியும் போதும் என்பவர்களுக்கு: காய்கறி பிரியாணி 100 கிராமுக்கு 170 அளவில் நிற்கும். நம் டர்பன் பிரியாணியில் மசூர் பருப்பும் கிழங்கும் சேர்வதால் சோறு மட்டும் சாப்பிடுவதைவிடச் சீக்கிரம் வயிறு நிறையும். ஆனால் 500 மில்லி டப்பாவில் அமுக்கி நிரப்பினால் 400 கிராமுக்கு மேல் போகும், 700 கலோரி.

கேள்வி: வெள்ளிக்கிழமை ஆபீஸ் பிராயில் (தணலில் இறைச்சி சுடும் விருந்தில்) எதை எடுத்தால் கலோரி குறைவு?
— வாசகர், ஜோகன்னஸ்பர்க்

பதில்: பூர்வோர்ஸ் தொத்திறைச்சியைவிடக் கொழுப்பு வெட்டிய ஸ்டேக். பூர்வோர்ஸ் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அதில் 90 விழுக்காடாவது இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். உச்ச அளவை வைத்துக் கணக்கிட்டால் பச்சையாக 100 கிராமுக்கு 320 கலோரியைத் தாண்டும். தணலில் கொஞ்சம் கொழுப்பு உருகிச் சொட்டும். எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை, 300 என்று எழுதிவிடுங்கள். கெட்டி பாப் (மக்காச்சோள மாவுக் களி) 100 கிராமுக்கு 120 அளவு. 340 மில்லி பீர் டின் ஒன்றுக்கு 140.

கேள்வி: பெரிய கம்பெனிக் கடைகள் தங்கள் இணையதளத்தில் போடும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஆப்பில் யாரோ எழுதியதைவிட நூறு மடங்கு மேல். ஆனாலும் கல்லில் வெட்டிய எண் அல்ல. அமெரிக்காவில் 42 உணவகங்களின் 269 உணவுகளை ஆய்வகத்தில் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாகப் பார்த்தால் எண்கள் சரியாகவே இருந்தன. ஆனால் ஐந்தில் ஒன்று என்ற அளவுக்கு உணவுகள் சொன்னதைவிட 100 கலோரியோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தன. காரணம் எளிது: கரண்டி பிடிக்கும் கை. அச்சில் வார்த்த பர்கர் எண்ணைத் தாராளமாக நம்பலாம். அள்ளிப் போடும் சிப்ஸ், சோறு, ஊற்றும் சாஸ் எண்ணை அவ்வளவு நம்பக் கூடாது. எண் சிக்கனுக்கு மட்டுமா, பக்கத்தில் வரும் சிப்ஸும் சேர்த்தா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாமியாருக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். வெளியே போனால் குவாட்டர் பீன்ஸ் கேட்கிறார். கலோரி பார்த்துக் கொடுத்தால் போதுமா?
— வாசகி, வெருலம்

பதில்: போதாது. அவருக்குப் பார்க்க வேண்டியது மாவுச்சத்து. 175 கிராம் பிரெட்டில் மட்டும் சுமார் 85 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. பீன்ஸில் இன்னொரு 30 கிராம் அளவு, அதில் ஒரு பகுதி நார்ச்சத்து. எண்ணெய் கலோரியைக் கூட்டும், ஆனால் உடனே சர்க்கரையை ஏற்றாது, ஏற்றத்தைத் தள்ளிப்போடும். அதனால் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் குத்திப் பார்த்து நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், நாலு மணி நேரத்திலும் ஒரு முறை பாருங்கள். இரண்டு எண்ணையும் எழுதி கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஊசி அளவை வீட்டில் நீங்களாக மாற்ற வேண்டாம். கறியைத் தனியாக வாங்கி, பிரெட் இரண்டு துண்டோடு நிறுத்தினால் பிரெட்டின் மாவுச்சத்து பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அவர் கோபித்துக்கொள்வார், தொட்டுச் சாப்பிடும் ருசி அதிலும் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பாம்பே க்ரஷ் (ரோஜா சிரப் கலந்த பால் பானம்) எத்தனை கலோரி?
— வாசகர், டர்பன்

பதில்: பால் 300 மில்லி 190, ரோஜா சிரப் 40 மில்லி 110, ஐஸ்கிரீம் ஒரு கரண்டி 120. ஆக 420. சப்ஜா விதையைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. ஐஸ்கிரீமை வேண்டாம் என்று சொல்லி, சிரப்பைப் பாதியாக்கச் சொன்னால் 245.