சுவருக்கு நகல், பீரோவுக்கு அசல்

கேள்வி: ஸ்ரீவைகுண்டத்தில் அப்பா அம்மா இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு தகரப் பெட்டி நிறையப் புகைப்படங்களை மதுரைக்குக் கொண்டு வந்திருக்கிறேன். எழுபதுக்கு மேல் இருக்கும். பரணில் கிடந்ததால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் தப்பியவை. அப்பா அம்மாவின் 1974 கல்யாணப் படம் மட்டும் பிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. இவற்றோடு அப்பா சேர்த்து வைத்த ரயில் டிக்கெட்டுகள், காசிக் கயிறு, கங்கைச் சொம்பு, சின்ன வயதில் நாங்கள் ராமேஸ்வரத்தில் பொறுக்கிய சிப்பிகள், ஒரு பவளத் துண்டு எல்லாம் இருக்கின்றன. ஹாலில் ஒரு சுவரில் இவற்றை அழகாக வைக்க ஆசை. வாடகை வீடு, ஆணி அடித்தால் ஹவுஸ் ஓனர் முகம் சுளிப்பார். கடையில் எல்லாவற்றையும் லேமினேஷன் செய்து தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா? படங்களில் இருப்பவர்களை அடையாளம் சொல்ல 84 வயதுப் பெரியப்பா ஒருவர்தான் இருக்கிறார்.

பதில்: லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடு காட்டி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரித்தால் படத்தின் மேல்தோலும் கூடவே வந்துவிடும். நகலுக்கு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். அசலுக்கு, திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யாதீர்கள். செலோடேப்பும் பெவிகாலும் இந்தக் கணக்கில்தான் வரும். பெவிகால் மரத்துக்கு அருமையான பசை, அதை மரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று பைண்டிங்காரர்கள் சொல்வார்கள். நோட்டுப் புத்தகத்துக்குச் சரி, படத்தின் பக்கத்தில் அந்தச் செம்பு உப்பு வரக் கூடாது.

என் யோசனை இதுதான்: சுவரில் ஏறுவது எல்லாம் நகல், அசல் பீரோவுக்குள். 'அசல் இருக்கும்போது நகலை மாட்டவா?' என்று பலருக்கு மனம் ஒப்பாது. ஆனால் ஜன்னல் வெளிச்சம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தைத் தின்னும். உங்கள் பெட்டியில் 1970, 80களின் கலர்ப் படங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கள், செக்கச் செவேலென்று இருக்கும். அந்தக் காலத்து வண்ணத் தாள்கள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயம் இருட்டிலேயே மங்கிவிடும், சிவப்பும் மஞ்சளும் தங்கிவிடும். நகலில் அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது அந்தக் கல்யாணப் படம். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். அடைமழைக் காலத்து ஈரத்தில் அது உப்பி இளகும். கண்ணாடி நேரடியாக அதன்மேல் அழுத்திக்கொண்டிருந்தால், காயும்போது பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். கத்தி, பிளேடு, வெந்நீர், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். அப்படியே விடுங்கள். பின்பலகையை மட்டும் மெதுவாகக் கழற்றிவிட்டு, கண்ணாடியின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் ஈரமான துணியால் துடையுங்கள். கண்ணாடியில் தண்ணீரைத் தெளிக்காதீர்கள், ஓரத்தில் இறங்கிவிடும். (சாமி படத்துக்கும் காலமானவர்கள் படத்துக்கும் சந்தனம், குங்குமம் வைத்து வைத்து மூலையில் கறை இறங்கியிருப்பது இப்படித்தான்.) பிறகு, வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரத்தில், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிற மாதிரி படத்தை வைத்து, கண்ணாடி வழியாகவே போட்டோ எடுங்கள். உங்கள் உருவம் கண்ணாடியில் தெரிந்தால், ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள். வந்த நகலைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அசல் தன் கண்ணாடியோடு பத்திரமாக இருக்கட்டும்.

மறுபடி இப்படி ஆகாமல் இருக்க, பிரேம் கடையில் 'மவுண்ட் போட்டுக் கொடுங்கள்' என்று கேளுங்கள். படத்தைச் சுற்றி ஜன்னல் வெட்டிய தடித்த அட்டைதான் மவுண்ட். அழகுக்கு என்று நினைக்கிறோம், உண்மையில் அதன் வேலை கண்ணாடியைப் படத்தில் தொடவிடாமல் தூக்கிப் பிடிப்பது. அசலை மாட்டியே தீர வேண்டும் என்று என்றைக்காவது தோன்றினால் அது இல்லாமல் மாட்டாதீர்கள். படத்தின் பின்னால் ஹார்ட்போர்டும் நேரடியாகப் படக் கூடாது. அதிலிருந்து கசியும் அமிலம் தாளைப் பழுப்பாக்கும்.

மற்ற படங்களை ஸ்கேன் செய்யுங்கள். பெட்டியில் சின்னச் சின்னச் சதுரப் படங்கள் இருக்கும் என்று நினைக்கிறேன். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 கேமரா அப்போது பல வீடுகளில் இருந்தது. ஒரு பிலிம் ரோலில் 12 படம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 செ.மீ. சதுரம். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்கிற கணக்கு) வைத்து ஸ்கேன் செய்தால் படத்தைத் தெளிவு கெடாமல் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம், 1200 வைத்தால் நாலு மடங்கு. சின்னப் படங்களுக்கு 1200 வைக்கச் சொல்லுங்கள். கடைப் பையன் 300 போதும் என்பான். ஸ்டுடியோ அட்டையில் ஒட்டிய படமாக இருந்தால் அட்டையோடு ஸ்கேன் செய்யுங்கள். அட்டையின் கீழே அச்சிட்டிருக்கும் ஸ்டுடியோ பெயரும் ஊரும்தான், படம் எங்கே எடுத்தது என்பதற்குப் பல சமயம் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி. பிரேம் அளவுக்குப் பொருந்தவில்லை என்று அதைக் கத்தரித்துவிடுவார்கள், பார்க்கவே வயிறு எரியும்.

எழுபதையும் சுவரில் ஏற்றாதீர்கள். பன்னிரண்டு போதும். பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் பரப்பி வையுங்கள். வீட்டில் எல்லோரும் நின்று கதை கேட்கிற படம் எது, தாண்டிப் போகிற படம் எது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

நினைவுப் பொருட்களுக்குச் சாதாரண பிரேம் உதவாது, ஆழம் வேண்டும். ஒன்றரை அங்குல ஆழத்தில் கண்ணாடி போட்ட பெட்டிச் சட்டம் வேண்டும் என்று கடையில் சொன்னால் செய்து தருவார்கள். உள்ளே பின்பக்க அட்டைக்கு வெல்வெட் வேண்டாம், அம்மாவின் பழைய காட்டன் புடவை ஒன்றைக் கிழித்து இழுத்துக் கட்டுங்கள். சுங்குடியாக இருந்தால் இன்னும் விசேஷம். சாயம் போகிறதா என்று முதலில் இரண்டு தடவை அலசிக் காயவைத்துப் பாருங்கள். பொருட்களை ஒட்டாதீர்கள், தையுங்கள். ஊசியால் அட்டையில் இரண்டு துளை போட்டு, நைலான் தூண்டில் நரம்பைப் பொருளின் மேல் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டால் போதும். சாவி, நாணயம், காசிக் கயிறு எல்லாம் இப்படி நிற்கும். நாளைக்கு வேண்டுமென்றால் நரம்பை அறுத்து எடுத்துக்கொள்ளலாம்.

டிக்கெட்டுகளில் இரண்டு ஜாதி உண்டு. அப்பா காலத்து அட்டை டிக்கெட், விரல் நீளத்தில் கெட்டியாக இருக்குமே, அது நமக்கு அப்புறமும் இருக்கும். அதற்குப் பசை வேண்டாம், தாளில் முக்கோணமாக மடித்த மூலைப் பிடிப்புப் போதும். இப்போது பஸ்ஸில் மிஷினில் கிழித்துத் தரும் டிக்கெட் வேறு. அதில் மை கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. சில வருஷத்தில் எழுத்து வெளுத்துப்போகும். லேமினேஷன் மிஷினில் விட்டால் முழு டிக்கெட்டும் ஒரே நொடியில் கரியாகிவிடும். வாங்கிய அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை வையுங்கள்.

கங்கைச் சொம்பைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஈயம் வைத்து அடைத்ததாக இருந்தாலும், தண்ணீர் இருக்கிற எதுவும் தாள், துணி பக்கத்தில் வேண்டாம். அதற்குச் சாமி அலமாரிதான் இடம்.

சிப்பிகளில் கடல் உப்பு இன்னும் இருக்கும். மழைக்காலத்தில் அது வியர்த்து, கீழே இருக்கும் துணியை நனைக்கும். நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, நிழலில் காயவையுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஈரம் காயாத பச்சைப் பலகையும் பிளைவுட்டும் அசெட்டிக் அமில ஆவியை விடும், வினிகரில் இருக்கிற அதே அமிலம். மூடிய பெட்டிக்குள் அது சிப்பியின் சுண்ணாம்பை அரித்து, மேலே வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பூஞ்சை என்று நினைத்துத் துடைப்போம், மறுபடி வரும். பெட்டியின் உட்பக்கம் முழுக்க, துணிக்கு அடியில், சமையலறை அலுமினியத் தாளை ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பவளத் துண்டை இதில் சேர்க்க வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இலிருந்து இருக்கின்றன, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. சில சங்கு வகைகளும் அட்டவணையில் உண்டு. சின்ன வயதில் தெரியாமல் எடுத்ததுதான், இருந்தாலும் அதை என்ன செய்வது என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இனி ராமேஸ்வரம் போனால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

சுவருக்கு வருவோம். பழைய செட்டிநாட்டு வீடுகளில் படங்களை உயரத்தில் வரிசையாக, முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள். பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும். அந்த உயரம் வாடகை வீட்டு ஹாலுக்கு ஒத்துவராது. நின்று பார்க்கிற அறையில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் கீழே வந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும். தரையில் உட்கார்ந்து பேசுகிற வீடென்றால் இன்னும் ஓரடி இறக்குங்கள். ஓனரிடம் 'படம் மாட்ட ஆணி' என்று கேட்காமல், 'ஒரு கர்ட்டன் ராடு' என்று கேளுங்கள். இரண்டே பிராக்கெட்தான். அதிலிருந்து நைலான் நரம்பில் பன்னிரண்டையும் தொங்கவிடலாம், நீளத்தைக் கூட்டிக் குறைத்து அடுக்கை மாற்றலாம், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் பாரம் குறையும். பெட்டிச் சட்டம் மட்டும் கனம், அதை ஷெல்பில் சாய்த்து வையுங்கள். பாத்ரூமை ஒட்டிய சுவரையும், மழை அடிக்கிற வெளிச்சுவரையும் தவிர்த்துவிடுங்கள். வேறு வழியில்லை என்றால் ஒவ்வொரு பிரேமின் கீழ் மூலைகளிலும் பின்னால் பாட்டில் கார்க்கில் ஒரு சீவல் ஒட்டுங்கள், காற்று போய் வரும்.

அசல் படங்களைப் பழுப்புத் தபால் உறையில் போடாதீர்கள், செய்தித்தாளிலும் சுற்றாதீர்கள். வெள்ளை ஏ4 தாளில் உறை மடித்து, ஒன்றுக்கு ஒன்று, பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். பரண் வெள்ளத்திலிருந்து காப்பாற்றியது உண்மைதான், ஆனால் மதுரையில் கான்கிரீட் கூரைக்கு அடியில் சித்திரை வெயிலை அது தாங்காது. அந்துருண்டையும் வேண்டாம். இராமபாணப் பூச்சி வருகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்தால் போதும்.

பெயர்களைப் படத்தின் பின்னால் பால்பாயிண்டில் எழுதாதீர்கள், முன்பக்கம் தடம் விழும். பழைய தாளில் மெல்லிய பென்சில், பின்னாளைய வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, உறையின் மேல் எழுதிவிடுங்கள்.

பிரேம் கடைக்குப் போவதற்கு முன்பே பெரியப்பாவிடம் போய் வாருங்கள். அசலைக் கொண்டுபோகாதீர்கள். 8-க்கு 10 அங்குலத்தில் பெரிதாக்கிய நகல்களைக் கொண்டுபோங்கள், சின்ன முகங்கள் அவர் கண்ணுக்குப் பிடிபடாது. குரூப் படத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, ஒவ்வொரு தலையையும் கோடாக வரைந்து எண் போட்டுக்கொண்டால், 'பின்வரிசையில் மூணாவது, இல்லை இல்லை, நாலாவது' என்கிற குழப்பம் வராது. போனில் ரெக்கார்டரை ஆன் செய்து பக்கத்தில் வைத்துவிடுங்கள். அந்தக் காசிப் பயணம் எந்த வருஷம், யார் யார் போனார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிட்டால், கயிற்றுக்குப் பக்கத்தில் வைக்கிற சீட்டில் எழுத வேண்டியதும் கிடைத்துவிடும்.