விரல் அசையாத செயற்கைக் கை வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 36 வயது. பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நான்கு மாதங்களுக்கு முன் மெஷினில் சிக்கி, வலது கையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. புண் ஆறிவிட்டது. அசல் கை மாதிரியே தெரியும், ஆனால் விரல் அசையாத சிலிகான் கை ஒன்றை ஓரிடத்தில் காட்டினார்கள். "சும்மா தொங்குற கைக்கு எதுக்கு அண்ணி காசு? கடன் வாங்கியாவது மோட்டாரில் விரல் அசையும் பயோனிக் கை போட்டுடலாம்" என்கிறார் கொழுந்தனார். என் கணவரோ வெளியே கிளம்பினால் கையைத் துண்டால் மூடிக்கொள்கிறார். ராத்திரியில், இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டு வலிக்கிறது என்கிறார். எங்களுக்கு வழி சொல்லுங்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்: வலியிலிருந்து தொடங்குகிறேன், சகோதரி. அவர் தூங்கினால்தான் மற்றதை யோசிக்கவே முடியும்.

அது மனப்பிரமை இல்லை. கை போனாலும், அந்தக் கைக்கென்று மூளையில் உள்ள பகுதி வேலை செய்துகொண்டே இருக்கிறது. இறுக மூடிய விரல்களைத் திறக்க முடியாமல் தவிக்கும் இந்த வலிக்கு, 1990களில் ஒரு எளிய வழியைக் காட்டியவர் நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை உங்கள் கணவருடைய நெஞ்சுக்கு நேராக, மேஜைமேல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். கண்ணாடிப் பக்கம் இடது கை. பின்பக்கம், கண்ணில் படாமல், எஞ்சிய வலது கை. கண்ணாடியில் தெரிவதை வலது கையாக நினைத்துக்கொண்டு, இடது கையின் முஷ்டியை மெல்ல மூடித் திறக்கச் சொல்லுங்கள். மனதால் வலது முஷ்டியையும் கூடவே திறக்க வேண்டும். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம், சில வாரங்கள் விடாமல் செய்து பாருங்கள். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. வலி கேட்காவிட்டால் நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன. மருத்துவர் எழுதித்தர வேண்டியவை. தழும்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் ஷாக் அடிப்பதுபோல இருந்தால், அது வெட்டுப்பட்ட நரம்பின் முனை தடித்திருப்பதாக இருக்கலாம். அதை வேறு விதமாகப் பார்க்க வேண்டும், மறக்காமல் சொல்லுங்கள்.

சரி, கைக்கு வருவோம். ஒரு கை நன்றாக இருப்பவர் எவ்வளவு விலையுயர்ந்த செயற்கைக் கையைப் போட்டாலும், நுணுக்கமான வேலைகளை எல்லாம் நல்ல கையால்தான் செய்வார். மற்றது துணைக் கை. எழுதும்போது காகிதம் நகராமல் அழுத்த, சாப்பாட்டுத் தட்டைப் பிடித்து நிறுத்த, பையை மாட்டிக்கொள்ள, கதவைத் தள்ள, பெட்டியை இரண்டு பக்கமும் அணைத்துத் தூக்க விரல் அசைய வேண்டியதில்லை. சில கைகளில் விரலுக்குள் கம்பி இருக்கும்; இடது கையால் வளைத்து வைத்தால் அப்படியே நிற்கும். எடை குறைவு, பேட்டரி கிடையாது. துண்டை எடுத்துவிட்டு அவர் கடைவீதிக்குப் போக முடிந்தால், அந்த ஒன்றுக்காகவே அதை வாங்கலாம் என்பேன். அழகுக்காகத்தானே என்று யாரும் அதைக் குறைத்துப் பேச வேண்டாம்.

பயோனிக் கைக்குக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கொழுந்தனாரின் அக்கறை புரிகிறது. ஆனால் அந்தக் கை தசையின் மின்துடிப்பைத் தோலின் வழியே படித்து இயங்குவது. பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீர் ஆகாது, பட்டறையின் எண்ணெயும் இரும்புத் தூளும் ஆகாது. கை மட்டுமே அரைக் கிலோ அளவுக்கு வரும். எலும்போடு சேராமல் தோலைப் பிடித்துத் தொங்குவதால் இன்னும் கனமாகத் தெரியும். போதாததற்கு, உங்கள் கணவருக்கு முன்கை நீளமாகவே மிஞ்சியிருக்கிறது. முன்கையைத் திருப்ப முடியும் என்பதால் அது நல்ல விஷயம். ஆனால் உள்ளே மோட்டாரும் மணிக்கட்டு இணைப்பும் வைக்க இடம் குறைவு. வைத்தால் அந்தக் கை மற்றதைவிட நீண்டுவிடலாம்.

வேலைக்கென்று கேட்டால், தோள் வாரில் கேபிள் கட்டிய கொக்கிக் கையை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வேன். தோளை முன்னே தள்ளினால் கொக்கி திறக்கும், தளர்த்தினால் ரப்பர் வளையம் மூடிவிடும். பார்க்க முரடாக இருக்கும், உழைக்கும். எவ்வளவு திறந்திருக்கிறது என்று கேபிளின் இழுவையிலேயே தெரியும். விசேஷத்துக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்கள் உண்டு.

எதுவானாலும் தாமதிக்க வேண்டாம். ஒற்றைக் கையாலேயே எல்லாம் செய்து பழகிவிட்டால், பிறகு செயற்கைக் கையில் மனம் ஒட்டாது. அதே சமயம், நிறமும் ரேகையும் பொருத்திச் செய்யும் விலையுயர்ந்த சிலிகான் கைக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். எஞ்சிய கையின் சதை முதல் வருடத்தில் சுருங்கிக்கொண்டே போகும், அது நுழையும் கிண்ணம் (சாக்கெட்) லொடலொடக்கும். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் டேப்பால் சுற்றளவு பாருங்கள். அளவு மாறாமல் நின்ற பிறகு சிலிகான் செய்யலாம். அதுவரை பி.வி.சி. உறை போட்ட சாதாரணக் கை போதும். மஞ்சளும் பேனா மையும் பட்டால் அந்த உறையில் கறை போகாது, சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பத்தில் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள். இருபது நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் சாக்கெட்டைச் சரிசெய்யாமல் மறுபடி போடக் கூடாது. சுழலும் மெஷின் பக்கம் எந்தச் செயற்கைக் கையோடும் போக வேண்டாம். அதில் உணர்ச்சி கிடையாது. உறை மெஷினில் சிக்கினால் கையோடு ஆளையும் இழுத்துவிடும். அடுப்பிலும் அதே கவனம் வேண்டும்.

பணத்துக்கு வழி இருக்கிறது. அவர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருந்தால், செயற்கைக் கையும் நிரந்தர ஊனத்துக்கான மாதாந்திரத் தொகையும் அவருடைய உரிமை. விபத்து அறிக்கையை முதலாளி அனுப்பினாரா என்று நாளைக்கே விசாரியுங்கள். இ.எஸ்.ஐ. இல்லையென்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. ஒரு கை இழப்பை 60 சதவீத வருமான இழப்பாக அதன் அட்டவணை கணக்கிடுகிறது. விபத்து நடந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் செயற்கை உறுப்புக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். கை அளவெடுக்கவும் பயிற்சிக்கும் வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மருத்துவப் பிரிவும், சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது. போகும்போது அறுவை சிகிச்சைச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கை வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே அவரே பதில் சொல்லட்டும்.